அரைக் கிலோவுக்கு மேலே ஒரு கை

மத்தியானம் இரண்டு மணிக்குப் பாளையம்பட்டியில் யாரும் முழு விழிப்போடு இருப்பதில்லை. கடைக்காரர் கல்லாவிலேயே கண் சொருகி உட்கார்ந்திருப்பார். டவுன் பஸ்கூட ஆரன் அடிக்க யோசித்துக்கொண்டே போகும். அந்த நேரத்தில் நான் எங்கள் முன்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்திருப்பேன். கட்டில் இருந்தது. கட்டிலிலும் பெட்டிகள்தான் படுத்திருந்தன.

அட்டையின் வாசனையும் உப்புமோர் வாசனையும் கலந்து அறை முழுக்க நிற்கும். மின்விசிறிக் காற்றில் டேப்பின் நுனி ஒன்று எங்கேயோ படபடக்கும். அதைக் கேட்டுக்கொண்டே நான் பாதித் தூக்கத்துக்குப் போவேன். அந்தத் தூக்கத்தில் பெட்டிகள் தாமாகவே எழுந்து வாசல் தாண்டிப் போகும். மதுரை தாண்டி, நான் பார்த்திராத ஸ்டேஷன்களில் இறங்கி, படியேறி, யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டும். கொல்கத்தாவுக்கு அனுப்பிய பெட்டி ஒன்று ஒரு நாள் என் கனவில் மழையில் நனைந்துகொண்டே போனது. எழுந்ததும் முதல் வேலையாகப் போனில் பார்த்தேன். நாக்பூரில் பத்திரமாக இருந்தது. எனக்கு அப்புறம்தான் காபி இறங்கியது.

நாங்கள் விற்றது வத்தல். நாங்கள் என்றால் நானும் மதினியும். மதினி என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. பந்தல்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் இறந்த பிறகும் ஒரு வருடம் அங்கேதான் இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் காலையில் கட்டைப்பை ஒன்றோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். ஏன் வந்தீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாளே எங்கள் மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து வத்தல் காயப் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் தூத்துக்குடி ரோட்டில்தான் இருப்பார். மூன்றாம் நாள் வந்து மாடியைப் பார்த்துவிட்டு, "அக்கா வந்துருச்சு போல" என்று மட்டும் சொன்னார்.

மதினி போடும் மிதுக்கு வத்தலுக்கு ஈடில்லை. கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு தானாகப் படர்கிற கொடி அது. கோலிக்குண்டுக்குக் கொஞ்சம் பெரிதாகக் காய்க்கும். நறுக்கி, உப்புமோரில் ஊறவைத்து, வெயிலில் போட்டு, மறுபடி ஊறவைத்து, மறுபடி வெயில். எண்ணெயில் பொரித்தால் லேசான கசப்போடு மொறுமொறுவென்று இருக்கும். எங்கள் வேதக்கோயில் சபையின் அறுப்புப் பண்டிகைக்கு மதினி ஒரு டப்பா மிதுக்கு வத்தலைக் காணிக்கையாக வைத்தார். பூசணிக்காய், சேவல், வாழைத்தார் என்று காணிக்கையாக வந்ததை எல்லாம் அன்றைக்கு ஏலம் விடுவது வழக்கம். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒருவர், சின்ன வயதில் தின்ற ருசி தலைக்கேறி, அந்த டப்பாவுக்குச் சேவலை விட அதிக விலை கேட்டுவிட்டார். பெங்களூர் திரும்பியவர் அங்கே பத்துப் பேருக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பத்துப் பேரும் என் போனுக்கு வந்தார்கள். நான் மாடியைப் படம் எடுத்து இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். யாவாரம் அப்படித்தான் எங்கள் தலையில் விழுந்தது.

அதே சமயத்தில் சென்னையில் இருக்கிற ஒரு தூரத்துச் சொந்தக்காரி மதினியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிற வீடு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு தங்க ஆள் வேண்டும். மதினி என் எதிரிலேயே போனில் பதில் சொன்னார்.

"வத்தல் யாவாரம் ஓடுனா இங்கன இருக்கேன். ஓடலைன்னா வாரேன். தம்பிக்குப் பாரமா உக்காந்து திங்க எனக்கு ஏலாது."

அவர் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவர் வந்த பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தது. அவர் பேசமாட்டார், அது வேறு விஷயம். நான் பேசுவதைக் கேட்பார். இருபது வருடமாக அந்த வீட்டில் நான் பேசுவதை மின்விசிறிதான் கேட்டுக்கொண்டிருந்தது.

யாவாரம் என்றதும் வத்தல் போடுவதுதான் வேலை என்று நினைத்தேன். இல்லை. அனுப்புவதுதான் வேலை. மருந்துக் கடையில் கெஞ்சி வாங்கிய பழைய பெட்டிகளில் முதலில் அனுப்பினோம். குளுக்கோஸ் படம் போட்ட பெட்டியில் வத்தல் போய்ச் சேர்ந்தால் நன்றாகவா இருக்கும்? பிறகு மதுரையில் கட்டுக்கட்டாகப் புதுப்பெட்டி வாங்கினேன். அப்புறம் டேப், உள்ளே வைக்கிற குமிழித்தாள், காற்றுப் போகாத கவர், முகவரி ஒட்டும் காகிதம். வத்தலை விட வத்தலுக்குப் போடுகிற சட்டை விலை அதிகம் என்று புலம்புவேன்.

அதையும் மிஞ்சியது கூழ்வத்தல் கதை. முறுக்குப் போல் பிழிந்து காயவைத்தது, இறகு மாதிரி இலேசு. உடையக் கூடாதே என்று பெரிய பெட்டியில் போட்டுக் கொண்டுபோனேன். அருப்புக்கோட்டை கூரியர் ஆபீசில் இருந்த அண்ணாச்சி அதைத் தராசில் வைக்கவே இல்லை. இஞ்சு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் என்று அளந்தார். மூன்றையும் பெருக்கி, எதாலோ வகுத்து, மூன்று கிலோ என்றார்.

"அண்ணாச்சி, தூக்கிப் பாருங்க. அரைக் கிலோகூட வராது."

"எடம் அடைக்குதுல்லக்கா. வண்டில எடம் எம்புட்டு அடைக்குதோ அம்புட்டு எடை."

"அப்ப உள்ள இருக்க காத்துக்கும் நாந்தான் காசு குடுக்கணுமா?"

"ஆமாக்கா" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

எனக்குக் கோபம் வந்தால் அது சீக்கிரத்தில் போகாது. பாளையம்பட்டி வெயிலையும் கரிசல் காற்றையும் காசு கொடுத்து வடக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்கு எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனால் ராத்திரிச் சோற்றுக்குள் அந்தக் கோபம் எப்படியோ இனிப்பாக மாறிவிட்டது. கண்ணாடி ஜன்னல் மூடிய ஒரு டில்லி வீட்டில், எவளோ ஒருத்தி பெட்டியைப் பிரிக்கிறாள், எங்கள் மாடிக் காற்று ஒரு வாய் அவள் முகத்தில் அடிக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டால் அந்தக் காசு அவ்வளவாக உறுத்தவில்லை.

நினைப்பு வேறு, யாவாரம் வேறு. கூழ்வத்தலை நிறுத்தினேன். மிதுக்கு, சுண்டை, மோர்மிளகாய் மட்டும் போதும், அடைத்து வைத்தால் அடங்கும். கூரியரில் அரைக் கிலோ வரைக்கும் ஒரு கட்டணம். ஒரு கிராம் தாண்டினாலும் ஒரு கிலோவுக்கான கட்டணம். அதனால் பாக்கெட்டுக்கு நானூறு கிராம் என்று வைத்தேன். கவர், பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்தாலும் அரைக் கிலோவுக்குள் நின்றது. அதற்கேற்ற அளவில் சின்னப் பெட்டி சொல்லிச் செய்தேன். அன்றைக்கு எனக்கு நானே ஒரு டீ போட்டுக் குடித்துக்கொண்டேன், அவ்வளவு பெருமை.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் காலையில் வத்தலைத் தராசில் போட்டு நிறுத்து, கவரில் அடைத்து, பெட்டிக்குள் வைத்து, முகவரி ஒட்டுவேன். கவர் வாயைச் சூடு வைத்து ஒட்டி, பெட்டியை மூடி, டேப் போடுவது மதினி. அவருக்கு இங்கிலீஷ் முகவரி படிக்க வராது. மூடும் முன்னால் ஒவ்வொன்றையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

"மூணாவது மாடியாம்" என்பேன்.

"ஏறி எறங்கவே சீவன் போயிரும், பாவம்."

"இது லேடீஸ் ஹாஸ்டல்."

"என்னத்தப் போடுவாகளோ அங்க" என்று கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தியாவின் வரைபடம் அவருக்கு அப்படித்தான் தெரியும். மாடி ஏறுகிறவர்கள், ஹாஸ்டலில் இருப்பவர்கள், ராணுவக் குடியிருப்பில் புருஷனுக்குக் காத்திருக்கிறவர்கள். குவாஹாட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியாது. மேலே, வலது பக்கம், மழை அதிகம் என்றேன். "அப்ப வத்தல் நமுத்துரும்" என்று அந்தப் பெட்டிக்கு மட்டும் இரட்டைக் கவர் போட்டார். அந்தக் காலைகள் எனக்குப் பிடித்திருந்தன. ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சத்தில் அட்டைத்தூசி மிதக்கும். டேப் கிழிபடும் சத்தத்தையும் என் பேச்சையும் தவிர வேறு சத்தம் இருக்காது. தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே நான் பேசுவேன், அவர் மூடுவார்.

அப்புறம்தான் கழிவு தொடங்கியது. கூரியர்க் கம்பெனியில் நாங்கள் முன்பணம் கட்டி வைத்திருந்தோம். அதிலிருந்து அடிக்கடி கூடுதலாகப் பிடித்தார்கள். காரணம், எடை வித்தியாசம். நாங்கள் சொன்னது அரைக் கிலோ, மதுரையில் அவர்கள் சரக்கு வைக்கிற கிட்டங்கியின் எடை மெஷின் சொன்னது அதற்கு மேல். ஒன்றிரண்டுக்கு நான் சண்டை போட்டேன். பெட்டி மெஷின்மேல் உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பினார்கள். ஐந்நூற்று முப்பது என்று சிவப்பு எழுத்து. அந்த மெஷினை யாரோ காலால் மிதித்துக்கொண்டு படம் எடுக்கிறான் என்று நான் முடிவுகட்டினேன். அந்தச் சிவப்பு எழுத்துக் கனவில்கூட வந்தது.

மாதக் கடைசியில் பார்த்தால், விற்றதெல்லாம் அந்தக் கூடுதல் கட்டணத்துக்கே போயிருந்தது. அடுத்த மாதமும் அதே கதை. மதினியிடம் நான் மூச்சு விடவில்லை. ஆனால் அவர் என் முகத்தைப் படிப்பார், அதற்கு இங்கிலீஷ் வேண்டாம். சென்னைச் சொந்தக்காரியின் போன் வந்தபோது, "இன்னும் ஆள் வைக்கலையா நீ?" என்று அவர் கேட்பது அடுப்படி வரை கேட்டது.

எனக்குப் பதறிவிட்டது. மறுநாள் வீட்டுத் தராசைத் துணிப்பையில் போட்டு, மூடி முடித்த பெட்டிகளைச் சாக்கில் கட்டி, பஸ் ஏறினேன். மடியில் தராசோடு போகிற பொம்பளையைக் கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கூரியர் ஆபீசில் அண்ணாச்சியின் தராசுக்குப் பக்கத்தில் என் தராசை வைத்தேன்.

"இன்னைக்கு எது பொய் சொல்லுதுன்னு பாத்துருவோம் அண்ணாச்சி."

அவர் சிரித்துக்கொண்டு ஒரு பெட்டியை அவர் தராசில் வைத்தார். ஐந்நூற்று முப்பத்தைந்து. அதே பெட்டியை என் தராசுக்கு மாற்றினேன். ஐந்நூற்று முப்பத்தைந்து. வேறு பெட்டி எடுத்தேன். ஐந்நூற்று இருபது. இன்னொன்று, லேடீஸ் ஹாஸ்டல் முகவரி. அது ஐந்நூற்று எழுபது. இரண்டு தராசும் உடன்பிறந்தவை மாதிரி ஒரே பதிலைச் சொல்லின.

"அக்கா, மிஷினு மேல தப்பில்ல. நீங்கதான் கூட வச்சு அனுப்புறீக" என்றார் அண்ணாச்சி. ஆனால் அதைக் குத்திக்காட்டாமல் சொன்னார், அதனால் எனக்கு அழுகை வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம். புளியமரங்கள் மெதுவாகப் பின்னால் போயின. கானல் நீரில் ரோடு தூரத்தில் நனைந்து கிடந்தது. கை வைத்தால் ஈரமாகும் போல இருந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனாலும் புரியாத மாதிரியே கொஞ்ச தூரம் போக ஆசைப்பட்டேன். நம் பக்கத்தில் அளந்து மட்டும் கொடுத்துப் பழக்கமில்லை. தானியம் அளந்தால் மேலே ஒரு கை. கீரைக்காரி கட்டு கொடுத்தால் மேலே நாலு தழை. அது இல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். நான்தான் அதையெல்லாம் மறந்து தராசைக் கட்டி அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில், நான் நிறுத்துக் கொடுத்துவிட்டு எழுந்துபோய்க் கதவோரம் நின்று பார்த்தேன். மதினி ஒரு பெட்டியை எடுத்தார். முகவரியைத் தடவினார். பக்கத்தில் இருந்த வத்தல் டப்பாவைத் திறந்தார். உள்ளே கை விட்டு, நிறைய அள்ளி, கவருக்குள் போட்டு, அதன் பிறகு ஒட்டினார். ஒவ்வொரு பெட்டிக்கும். சிலதுக்குக் கை கொஞ்சம் பெரிதாக விரிந்தது.

"மதினி" என்றேன். "அந்த ஒரு கைக்கு இன்னொரு பாக்கெட்டு அனுப்புற காசு போகுது. ரெண்டு மாசமா நாம சம்பாரிச்சதெல்லாம் அதுலதான் போச்சு."

அவர் கை டப்பாவுக்குள்ளேயே நின்றது. "அம்புட்டுமா?" என்றார்.

"அம்புட்டும்."

டப்பாவை மூடி, தள்ளி வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க நான் கொடுத்ததைக் கொடுத்தபடி மூடினார். முகவரி படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கழிவு நின்றுவிட்டது. யாவாரம் சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும், "நாளைக்குச் சென்னை போறேன் தாயி. வாரேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

"அதான் சரியாப் போச்சுல்ல மதினி, இப்ப எதுக்கு?"

"போறேன்" என்றார். அவர் தம்பி போனில் சத்தம் போட்டும் பார்த்தார், அழுதும் பார்த்தார். தூத்துக்குடியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார், உடனே வர முடியவில்லை.

திங்கள்கிழமை சாயங்காலம், வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று சீக்கிரமே சோறு வடித்தேன். டவுன் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கட்டைப்பை வாசலில் தயாராக இருந்தது. மேற்கே வெயில் மஞ்சளாக அறைக்குள் வந்து பெட்டிகள்மேல் சாய்ந்திருந்தது. எனக்குத் தூக்கத்தில் நடப்பது போல இருந்தது. இதெல்லாம் நடக்கவில்லை, கொஞ்சம் கழித்து எழுந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே தட்டில் சோறு வைத்தேன்.

மதினி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே பேசினார். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அவுக செத்த பெறகு, அந்த வீட்ல எனக்குன்னு ஒரு டம்ளரு வச்சிருந்தாக. சோறு அதுல அளந்துதான். அமுக்கிப் போட்டு, மேல நிக்கிறத வெரலால வழிச்சு விட்ருவாக. ஒரு பருக்க கூடுனா அதையும் எடுத்துருவாக. ஒரு வருசம் அத நான் பாத்துக்கிட்டே இருந்தேன். சண்ட கிடையாது, ஏச்சுப் பேச்சு கிடையாது. அளவுதான்." தட்டை லேசாகத் திருப்பி வைத்தார். "நீ சொன்னது நியாயந்தான். காசு போகுது. ஆனா நிறுத்தத நிறுத்தபடி மூடும்போது அந்த வழிக்கிற வெரலு என் வெரலு மாதிரி இருக்கு தாயி. இந்த வேல எனக்கு ஆகாது. ஆகாத வேலைய வச்சுக்கிட்டு உங்க சோத்தத் திங்கக் கூடாது."

நான் அழுதேன். மறைக்கவில்லை.

"நாளையிலருந்து பாக்கெட்டு முந்நூத்தம்பதுதான் மதினி. வெலையக் கொறைச்சு அப்படியே எழுதிருவோம். மேல நீங்க போடுறத நான் நிறுக்கமாட்டேன்."

"கையி பெருசாப் போச்சுன்னா?"

"எல்லாப் பெட்டிக்கும் பெருசாப் போகாதுல்ல. ஹாஸ்டலுக்குப் போறதுக்குப் போகும். போகட்டும்."

அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். மெதுவாக, தட்டை வழித்துச் சாப்பிட்டார். ரோட்டில் டவுன் பஸ் வந்து நின்றது, கிளம்பிப் போனது. இரண்டு பேர் காதிலும் விழுந்தது. வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டதே இல்லை. நான் எவ்வளவு வைத்தாலும் அதோடு சரி. நல்ல சின்ன வயிறு என்று நான் நினைத்திருந்தேன்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடு" என்று தட்டை நகர்த்தினார்.

சட்டியைச் சாய்த்துப் பார்த்தேன், அடியில் ஒட்டியதுதான் இருந்தது. இருங்கள் என்று சொல்லிவிட்டு, அரிசிப் பானையில் இரண்டு கையையும் விட்டு அள்ளி, மறுபடி உலை வைத்தேன்.